இறால் பி.சி.ஆர். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பழக வேண்டியது ஃப்ரீசரை

கெட்டுப்போன பால் திரிந்து காட்டிவிடும். கெட்டுப்போன மாஸ்டர் மிக்ஸ், அதாவது வைரஸின் மரபணுவைப் பிரதியெடுத்துக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனைக்கான கலவை, எதையும் காட்டாது. நிறம் மாறாது, நாற்றம் வராது, குழாயில் தெளிவாகவே நிற்கும். இயந்திரத்தில் ஓட்டினால் 'நெகட்டிவ்' என்று சொல்லும். அந்தச் சீட்டை நம்பித் தொண்டியிலோ திருப்பாலைக்குடியிலோ ஒரு பண்ணைக்காரர் குளத்தில் குஞ்சு விடுவார். குஞ்சில் வெள்ளைப்புள்ளி வைரஸ் இருந்திருந்தால், நோய் கிளம்பிய 3 முதல் 10 நாட்களில் குளமே காலியாகிவிடலாம். செத்துப்போன ரீஏஜென்ட்டுக்கு (சோதனைக்கான வேதிப்பொருளுக்கு) 'இல்லை' என்ற ஒரே பதில்தான் தெரியும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பைப்பெட்டைக் கொடுப்பதற்கு முன் ஃப்ரீசர் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ராமநாதபுரம் கடற்கரையில் இந்தப் பாடம் இன்னும் கொஞ்சம் கடினம். வெயில், உப்புக்காற்று, மின்தடை, மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டிய பார்சல் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. இந்தப் பொருள்கள் அடங்கிய கிட்டோடு வரும் கையேட்டில் 'மைனஸ் 20 டிகிரியில் வைக்கவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியை இங்கே நிறைவேற்றுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆர்டர் போடும் முன் காலண்டரைப் பாருங்கள்

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வரும் கிட், வாரக் கடைசியில் கூரியர் கிடங்கில் மாட்டிக்கொண்டால் திங்கட்கிழமை உங்கள் கைக்கு வருவது வெந்நீர்தான். எனவே திங்கள் அல்லது செவ்வாயில் அனுப்பச் சொல்லுங்கள். செவ்வாய், புதனுக்குள் வந்துவிட வேண்டும்.

உள்ளூர் நாட்களையும் கணக்கில் சேருங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் சாலை வண்டிகளால் நிரம்பிவிடும். செப்டம்பர் 11 பரமக்குடி இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன் தேவர் ஜெயந்தி ஆகிய இரண்டுக்கும் மதுரை–ராமநாதபுரம் சாலையில் போக்குவரத்து மாற்றம் இருக்கும். அந்த நாட்களை ஒட்டி என்சைம் வரவழைப்பது வீண் வம்பு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒரு மாதத்துக்கான கிட்டைக் கையிருப்பில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அதற்காக ஆறு மாதச் சரக்கை வாங்கிக் குவிக்க வேண்டாம். ஃப்ரீசர் பழுதானால் ஆறு மாதச் சரக்கும் ஒன்றாகப் போகும்.

உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்கிய ரீஏஜென்ட் கிடைத்தால், சிறிய ஆய்வகங்கள் அதைத் தேர்ந்தெடுக்கலாம். விலை கூடினாலும் வழிப்பயணத்தை அது தாங்கும். ஆனால் அதற்கு ஈரம் எதிரி. கடற்கரைக் காற்றில் பையைப் பிரித்துவிட்டால், மிச்சத்தைச் சிலிக்கா ஜெல்லோடு சேர்த்து இறுக மூடி வைக்க வேண்டும்.

பெட்டி வந்தவுடன்

கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. வாங்கியவர் அங்கேயே பிரிக்க வேண்டும். ஐஸ் பேக் கல்லாக இருக்கிறதா, நெகிழ்ந்துவிட்டதா, தண்ணீராகிவிட்டதா என்று பாருங்கள். உலர் பனிக்கட்டியில் வந்திருந்தால் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி எண்ணைக் குறித்துக்கொண்டு, செல்பேசியில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். உருகி வந்த கிட்டைத் திருப்பி அனுப்பும்போது வாக்குவாதத்தைச் சுருக்கும் சாட்சி அந்தப் படம்தான்.

உலர் பனிக்கட்டியின் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி. வெறுங்கையால் தொட்டால் தோல் புண்ணாகும். அது வாயுவாக மாறிக்கொண்டே இருப்பதால் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் டப்பா வெடிக்கும். கண்ணாடியை ஏற்றிய காரிலும், ஏ.சி. போட்டுப் பூட்டிய சிறிய அறையிலும் வைக்கக் கூடாது.

பிறகு ஒவ்வொரு குழாயின் லேபிளையும் படியுங்கள். ஒரே கிட்டுக்குள் மைனஸ் 20-க்குப் போக வேண்டியதும், 4 டிகிரிக்குப் போக வேண்டியதும், அறையிலேயே இருக்க வேண்டியதும் கலந்திருக்கும். பெட்டியை முழுசாக ஃப்ரீசரில் தள்ளுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்வது. டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் சிலிக்கா வடிகுழாயையும் காந்த மணிகளையும் உறைய வைக்கக் கூடாது. உறைந்து உருகிய காந்த மணிகள் முன்போல் டி.என்.ஏ.வைப் பிடிக்காது. திசுவை உடைக்கும் லைசிஸ் பஃபரைக் குளிரில் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அது கெட்டுவிடவில்லை, இளஞ்சூட்டில் வைத்துக் கரைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். வாஷ் பஃபரில் எத்தனால் சேர்த்த நாளைப் பாட்டில் மேல் எழுதி, மூடியை இறுக்கிப் பூட்டுங்கள். இங்கே அடிக்கும் வெயிலில் தளர்ந்த மூடி வழியாக எத்தனால் பறந்துபோனால் கழுவும் வேலை பாதியாகிவிடும். புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே என்சைம் ஒரு நிறுவனத்திடம் அறை வெப்பத்தில் இருப்பது, இன்னொன்றிடம் மைனஸ் 20-ல் இருப்பது. எது எது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், லேபிளைப் படித்தால் போதும்.

ஃப்ரீசர்

வீட்டுக்கு வாங்கும் ஃபிரிட்ஜின் மேல்தட்டு இந்த வேலைக்கு ஆகாது. பனி படியாத வகை ஃப்ரீசர்கள் படிந்த பனியை உருக்குவதற்காக அவ்வப்போது தாமாகவே சூடேறி இறங்கும். ஐஸ்கிரீமுக்கு அது பொருட்டில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பிரைமரும் (பிரதியெடுக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) டி.என்.டி.பி.யும் (டி.என்.ஏ.வைக் கட்டும் மூலப்பொருள்) நாள்தோறும் அரைகுறையாக உருகி உறையும். கையால் பனி நீக்கும் வகையை வாங்குங்கள். பனி நீக்கும் நாளில் எல்லாவற்றையும் இன்னொரு ஃப்ரீசருக்கோ, நன்றாக உறைந்த ஜெல் பேக் அடுக்கிய பெட்டிக்கோ மாற்றிவிட வேண்டும்.

மேற்குச் சுவரிலும் கடலைப் பார்த்த ஜன்னல் அருகிலும் ஃப்ரீசரை வைக்காதீர்கள். சுவருக்கும் அதற்கும் இடையே ஒரு சாண் இடைவெளி வேண்டும். தனி ஸ்டெபிலைசர், தனி பிளக். பின்புறக் கம்பிச்சுருளில் படியும் உப்பையும் தூசியையும் மாதம் ஒரு முறை உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் இரும்பு என்ன பாடுபடுகிறது என்பதை மீன்பிடிப் படகுகளைப் பார்த்தாலே தெரியும். கதவின் ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

முகப்பில் ஒளிரும் எண்ணை நான் நம்புவதில்லை. அது ஓரிடத்துக் காற்றின் வெப்பம், அவ்வளவுதான். உச்சமும் தாழ்வும் காட்டும் தனித் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, அதன் முனையைக் கிளிசரால் நிரப்பிய சிறு பாட்டிலுக்குள் இறக்கி, பாட்டிலை உங்கள் என்சைம் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். காலையில் ஒரு முறை, கிளம்பும்போது ஒரு முறை எழுதுங்கள். விடுமுறை முடிந்து வரும் காலையில் முதலில் பார்க்க வேண்டியது உச்ச எண்.

செலவில்லாத இன்னொரு சாட்சியும் உண்டு. சிறு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. பனிக்கட்டிக்குள் அமிழ்ந்திருந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். காட்சிக்கு ஃப்ரீசர் மைனஸ் 20 காட்டிக்கொண்டிருக்கும்.

உள்ளே அடுக்கும்போது கதவுத் தட்டில் எதையும் வைக்காதீர்கள், பின்பக்கமே பாதுகாப்பு. ரீஏஜென்ட்டுக்கு ஒரு ஃப்ரீசர், மாதிரிக்கும் பிரித்தெடுத்த டி.என்.ஏ.வுக்கும் வேறொன்று. பாசிட்டிவ் கண்ட்ரோலும் (வைரஸ் மரபணு இருப்பது உறுதியான ஒப்பீட்டுக் குழாய்) மாதிரியோடுதான் இருக்க வேண்டும். பணமில்லை, ஒரே ஃப்ரீசர்தான் என்பவர்கள் மூடியுள்ள இரட்டை டப்பாவில் கண்ட்ரோலைப் போட்டுக் கீழ்த்தட்டுக்குத் தள்ளுங்கள். இறால் மாதிரியை மட்டும் எக்காரணம் கொண்டும் அங்கே சேர்க்க வேண்டாம்.

'மைனஸ் 80 இருக்கிறதே, அதில் வைத்தால் இன்னும் நல்லதுதானே?' என்று புதியவர்கள் கேட்பார்கள். பிரதியெடுக்கும் என்சைமான டேக் பாலிமரேஸ் ஏறத்தாழ பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்த கரைசலில் வருகிறது. அதனால் மைனஸ் 20-ல் உறையாமல் திரவமாகவே இருக்கும், அந்த நிலைக்காகத்தான் அப்படித் தயாரித்திருக்கிறார்கள். மைனஸ் 80-ல் அதுவும் உறையும். மைனஸ் 80-ஐ மாதிரிக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் விடுங்கள்.

பிரித்து வைத்தல்

இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. பெரிய குழாயைத் தினமும் உருக்கி, கொஞ்சம் எடுத்து, மறுபடி உறைய வைப்பதுதான் ரீஏஜென்ட்டைக் கொல்லும் முறைகளிலேயே மெதுவானதும் உறுதியானதும். டி.என்.டி.பி. ஒவ்வொரு உருக்கலிலும் கொஞ்சம் சிதையும். வைரஸ் டி.என்.ஏ.வை ஒளியால் காட்டும் துண்டான புரோப்பின் ஒளிர்பொருள் வெளிச்சம் படப்பட மங்கும். ஒருமுறை அசுத்தம் நுழைந்தால் முழுக் குழாயும் போயிற்று.

எனவே புதுக் கிட் வந்த முதல் நாளே, ஒரு நாள் வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவாகப் பிரித்துவிடுங்கள். கணக்கு இப்படி: ஒரு நாளைக்கு 16 மாதிரி, ஒரு பாசிட்டிவ், பிரித்தெடுத்தலுக்கான ஒரு நெகட்டிவ், மாதிரியே சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்று, ஆக 19. பைப்பெட்டில் ஒட்டிப் போவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 21. வினைக்கு 12.5 மைக்ரோலிட்டர் மாஸ்டர் மிக்ஸ் என்றால் 262.5. குழாய்க்கு 265 என்று பிரித்தால் ஒரு நாளைக்கு ஒரு குழாய், மிச்சம் மறுபடி உள்ளே போகாது.

பிரைமர் பொடியாக வந்தால், திறக்கும் முன் மைக்ரோஃபியூஜ் என்ற சிறு சுழல் இயந்திரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பொடி மூடியில் ஒட்டியிருந்தால் திறந்ததும் பறந்துவிடும். லேபிளில் எத்தனை நானோமோல் என்று இருக்கிறதோ அதைப் பத்தால் பெருக்கினால் வருவது, 100 மைக்ரோமோலார் கரைசலுக்கு ஊற்ற வேண்டிய மைக்ரோலிட்டர். 25 நானோமோலுக்கு 250. டி.இ. பஃபரில் கரையுங்கள். அதில் இ.டி.டி.ஏ. 0.1 மில்லிமோலார் உள்ள வகைதான் வேண்டும். வழக்கமான வகையில் அது பத்து மடங்கு இருக்கும், வினைக்குத் தேவையான மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த மூலக்கரைசலிலிருந்து 10 பங்கும் பஃபர் 90 பங்கும் சேர்த்துத் தினசரிப் பயன்பாட்டுக்கானதைச் செய்து சிறு குழாய்களாக்குங்கள். மூலத்தை அடிக்கடி தொடாதீர்கள். புரோப் என்றால் கறுப்புக் குழாய், இல்லையென்றால் அலுமினியத் தாள் சுற்றல்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாவட்டத்தில் குடிநீருக்கே எவ்வளவு பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கச் சரி, பி.சி.ஆருக்குச் சரியில்லை. நியூக்ளியேஸ் இல்லாத தண்ணீர் என்று எழுதி விற்பதை வாங்கி ஒரு மில்லிலிட்டராகப் பிரித்து, ஒரு குழாய் ஒரு நாள் என்று பயன்படுத்தி மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஜெல்லுக்கான பஃபரைக்கூடக் காய்ச்சி வடித்த நீரில்தான் கலக்க வேண்டும்.

லேபிளில் பொருள், செறிவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), பிரித்த நாள், யார் பிரித்தது ஆகியவற்றை எழுதுங்கள். ஈரக்காற்றில் சாதாரண ஒட்டுத்தாள் உரிந்து விழும், எத்தனால் பட்டால் மார்க்கர் மை அழியும். உறைநிலை தாங்கும் லேபிளை வாங்குவது செலவே அல்ல. உருக்கும் ஒவ்வொரு முறையும் மூடியில் ஒரு புள்ளி வையுங்கள். கையேட்டில் வேறு எல்லை சொல்லாதவரை, மூன்று புள்ளி விழுந்த குழாயை நான் வேலைக்கு எடுப்பதில்லை. ஒரு லாட்டின் மாஸ்டர் மிக்ஸோடு இன்னொரு லாட்டின் பிரைமரைச் சேர்க்காதீர்கள். பழைய பாட்டிலில் புதியதை ஊற்றி நிரப்பவும் வேண்டாம்.

உருக்குதல், கலத்தல்

உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உருக்குவதும், 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் போடுவதும் கூடாது. முன்பே ஃப்ரீசரில் வைத்து எடுத்த குளிர்க் கட்டையில் வைத்துப் பொறுத்திருங்கள். உருகிய பின் கலக்காமல் எடுத்தால் இன்னொரு சிக்கல். உறையும்போது உப்புகள் அடியில் சேரும், குறிப்பாக மெக்னீசியம் குளோரைடு. மேலே எடுத்தால் நீர்த்தது, கீழே எடுத்தால் கெட்டியானது. பஃபர், மெக்னீசியம், பிரைமர், டி.என்.டி.பி. ஆகியவற்றை வார்ட்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் நன்றாகக் கலந்து ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். என்சைமை மட்டும் வார்ட்டெக்ஸ் செய்யக் கூடாது, விரலால் மெல்லத் தட்டினால் போதும். கிளிசரால் பிசுபிசுப்பானது. பைப்பெட்டின் முனையான டிப்பை ஆழமாக முக்கினால் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டு பங்கு போய்விடும். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வைத்து மெதுவாக இழுங்கள். என்சைம் கடைசியில் வெளியே வந்து முதலில் உள்ளே போக வேண்டியது.

எங்கள் காற்றின் ஈரத்தில், ஃப்ரீசரிலிருந்து எடுத்த குழாய் அரை நிமிடத்தில் வியர்த்துவிடும். அந்த நீர் மூடி ஓரம் வழியாக உள்ளே இறங்காமலிருக்க, துடைத்து, சுற்றி, பிறகு திறவுங்கள்.

மாஸ்டர் மிக்ஸ் கலக்கும் இடம், மாதிரியிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் இடம், ஓட்டி முடித்த குழாயைத் திறக்கும் இடம் மூன்றும் வெவ்வேறாக இருக்க வேண்டும். காலையில் முதல் இடம், பிறகு இரண்டாவது, கடைசியில் மூன்றாவது. பின்னோக்கி நடக்கக் கூடாது. கோட்டும் பைப்பெட்டும் இடத்துக்கு இடம் தனி. வெள்ளைப்புள்ளிக்கு இரண்டு கட்டமாக ஓட்டும் முறையில் முதல் கட்டக் குழாயைத் திறந்தாக வேண்டும், அங்கேதான் அசுத்தம் கிளம்பும். கடற்கரைக்காரர்களுக்கு மட்டுமே உரிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. வீட்டில் இறால் உரித்துவிட்டு வருகிற கை. சந்தை இறாலிலும் அந்த வைரஸ் இருக்கலாம். சோப்பு, புதுக் கையுறை, பிறகுதான் கலவை அறை. கையுறை தூள் பூசாததாக இருக்கட்டும்.

ஐஸும் அப்படித்தான். மீன் ஏற்றும் ஐஸ் இங்கே எளிதில் கிடைக்கிறது என்பதற்காக அதை உடைத்து மேசைக்குக் கொண்டுவராதீர்கள். இறாலுக்குப் போட்ட பெட்டி, அதே மண்வெட்டி, அதே தரை. குழாயின் மூடிக்கு மேல் அந்தத் தண்ணீர் ஏறினால் வெற்றுக் குழாய்கூடப் பாசிட்டிவ் காட்டக்கூடும். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் குளிர்க் கட்டை இரண்டு வாங்கினால் ஐஸே தேவையில்லை.

கரண்ட் போனால்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பு நாளிதழில் முன்னதாகவே வந்துவிடும். காலை 9 மணிக்குப் போனால் பிற்பகலிலோ மாலையிலோதான் வரும். முந்தின இரவே ஃப்ரீசரின் காலியிடங்களை ஜெல் பேக்கால் நிரப்புங்கள், நிறைந்த ஃப்ரீசர் குளிரை அதிக நேரம் பிடித்து வைக்கும். கதவில் 'திறக்காதே' என்று எழுதி ஒட்டுங்கள். எட்டிப் பார்க்கத் திறப்பதுதான் மின்தடையைவிடக் கெடுதல். அன்றைய வேலைக்கானதைக் காலையிலேயே எடுத்துக் குளிர்க் கட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புயல் காலத்தில் ஒரு நாளைத் தாண்டியும் மின்சாரம் வராமல் போகலாம். அப்போது இந்தக் கடற்கரையில் தாராளமாகக் கிடைக்கும் இரண்டு பொருள்களே கைகொடுக்கும். ஐஸும் உப்பும். உடைத்த ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு, எடைக் கணக்கில். இந்தக் கலவை மைனஸ் 21 டிகிரி வரை இறங்கக் கூடியது. தெர்மோகோல் பெட்டியில் அந்த எல்லையைத் தொடாவிட்டாலும் மைனஸ் பத்துக்குக் கீழே நன்றாகப் போகும், வெறும் ஐஸ் பூஜ்ஜியத்தோடு நின்றுவிடும். மீன் நாறாத புதுப் பெட்டியை எடுங்கள். குழாய்களை மூடியுள்ள டப்பாவில் அடுக்கி, அந்த டப்பாவை இரண்டு ஜிப் பைகளுக்குள் போட்டு நடுவில் புதையுங்கள். உப்புநீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் வினை நின்றுவிடும். தெர்மாமீட்டர் முனையையும் உடன் வைத்து, ஏறத் தொடங்கினால் தண்ணீரை வடித்துக் கலவையை மாற்றுங்கள். இடம் போதாவிட்டால் முதலில் என்சைமும் புரோப்பும், அடுத்து டி.என்.டி.பி. பொடிப் பிரைமர் வெளியே இருந்தாலும் பாதகமில்லை.

மண்டபம் பக்கம் மீன் குஞ்சுப் பொரிப்பகங்களுக்காக வேலை செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. கடல்விரால், கொடுவாக் குஞ்சுகளைத் தாக்கும் நரம்பு நோய் வைரஸ் ஆர்.என்.ஏ. வகை. அதற்குத் தேவைப்படும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் டேக்கைவிட மென்மையானது. உப்பு-ஐஸ் பெட்டியில் அதற்கே முதல் இடம்.

உயிரோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது

ஒவ்வொரு ஓட்டத்திலும் பாசிட்டிவ் கண்ட்ரோலின் சி.டி. எண்ணை (எத்தனையாவது சுழற்சியில் அது தென்படுகிறது என்ற எண்ணை) நோட்டில் ஒரு வரைபடமாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். வழக்கமாக 25-ல் வருவது 26, பிறகு 27, பிறகு 28 என்று நழுவினால் கவனியுங்கள். ஒரு சுழற்சி தள்ளிப்போனால் பாதியாகக் குறைந்ததாகக் கணக்கு, மூன்று என்றால் எட்டில் ஒரு பங்கு. வலுவான கண்ட்ரோல் இன்னும் பாசிட்டிவ் காட்டிக்கொண்டிருக்கும்போதே, குறைந்த அளவு வைரஸ் உள்ள குஞ்சு கண்ணில் படாமல் தப்பிவிடும். ஜெல் ஓட்டுபவர்கள் பட்டையின் பிரகாசத்தை ஒரே அமைப்பில் படமெடுத்து ஒப்பிட்டு வாருங்கள்.

நழுவுவது எது என்று பிரித்தறிய முதலில் கண்ட்ரோலின் புதுக் குழாயை எடுத்து ஓட்டுங்கள். எண் பழைய இடத்துக்கு வந்தால் கெட்டது கண்ட்ரோல்தான். மிக நீர்த்த டி.என்.ஏ. குழாய்ச் சுவரில் ஒட்டியே குறைந்துவிடும். வராவிட்டால், மாதிரிகளில் இறாலின் சொந்த மரபணுவைக் காட்டும் உள்கண்ட்ரோலும் தள்ளிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் போயிருந்தால் மாஸ்டர் மிக்ஸ் மேல் சந்தேகம். மாறாக, வெற்றுக் குழாய் பாசிட்டிவ் காட்டினால், திறந்த தண்ணீர், பிரைமர், மிக்ஸ் எல்லாவற்றையும் கொட்டுங்கள். எது குற்றவாளி என்று துப்பறிவதைவிடப் புதுக் குழாய் மலிவு.

உள்கண்ட்ரோல் வராத மாதிரிக்கு 'நெகட்டிவ்' என்று எழுதக் கூடாது, 'மறுபரிசோதனை' என்றுதான் எழுத வேண்டும். வாசலில் நின்றுகொண்டு, "தம்பி, குஞ்சு வண்டி வந்து நிற்கிறது, நெகட்டிவ்தானே?" என்று பண்ணைக்காரர் கேட்பார். "இன்னும் தெரியவில்லை அண்ணே, மறுபடி ஓட்ட வேண்டும்" என்று சொல்லப் பழகுங்கள். அவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

கழிவு

மேசையைத் துடைக்கும் பிளீச்சிங் கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். ஐந்து சதவீத ஹைப்போகுளோரைட்டில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, பிறகு தண்ணீர், பிறகு 70 சதவீத எத்தனால். அப்படியே விட்டால் உப்புக்காற்று பாதி தின்ற பைப்பெட்டை பிளீச் மீதியும் தின்றுவிடும். ஆனால் லைசிஸ் பஃபர் கழிவின்மேல் மட்டும் பிளீச்சை ஊற்றவே கூடாது. அதிலுள்ள குவானிடின் தயோசயனேட்டோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். அந்தக் கழிவுக்குத் தனிக் குப்பி வைத்து, 'பிளீச் ஊற்றாதே' என்று எழுதி ஒட்டி, துப்புரவுக்கு வரும் அக்காவிடமும் நேரில் சொல்லிவிடுங்கள். ஓட்டி முடித்த பி.சி.ஆர். குழாய்களைத் திறக்காமல் ஜிப் பையில் போட்டுக் கட்டி, மருத்துவக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டு வெடித்துத் திறந்தால், கோடிக்கணக்கான பிரதிகள் ஏ.சி. காற்றோடு நேராகக் கலவை அறைக்கு வந்து சேரும்.